கொடியை வெட்டியது யார், நானா?

அன்பு மாறாத நானா,

எனக்கு அண்ணனாய் இருந்த நீங்கள் இறந்து நான்கரை மாதம் ஆகிறது. உங்கள் கொல்லைப் பந்தலில் பன்னீர் திராட்சை நலம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதை முன்னிட்டு உங்கள் மாப்பிள்ளையை நான் குற்றவாளியாக்கிவிட்டேன்.

உங்கள் மனைவி, எனக்கு அக்கா முறையில் லாத்தா, கணவனை இழந்தவர்கள் காக்கும் இத்தாவில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் அவரைப் பார்க்கக் கூடாது. எதையும் போய்க் கேட்க முடியாது. மூன்றாம் மாதம் உங்கள் மருமகன், நம் மாப்பிள்ளை, துபாயிலிருந்து விடுப்பில் வந்தார். கொல்லையில் ஓர் அறை கட்டவேண்டுமென்று கொத்தனாரோடு நூல் பிடித்து அளந்தார். மறுநாள் காலை நம் இரு வீட்டுக்கும் நடுச் சுவருக்கு மேலே பார்த்தால் பந்தல் மொட்டை.

நோட்டை எடுத்தேன். ‘கவாத்து: எல்லாக் கொடியிலும் ஐந்து கணு விட்டு வெட்டுக.’ நீங்கள் சொல்லச் சொல்ல எழுதியது. இங்கே சிலவற்றில் ஐந்து, சிலவற்றில் இரண்டே கணு. வெட்டுவாயிலெல்லாம் நீர் சொட்டியது. தொட்டு முகர்ந்தேன். வாசனை இல்லை. வாசனை இல்லாத விஷமருந்து இருக்காதா?

மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டு மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தினேன்.

“கவாத்து பண்ணுனது நீங்கதானா?”

“கவாத்தா? அது போலீஸ்காரங்க பண்றதுல்ல மாமா?” என்று சிரித்தார்.

“கொடியக் கொன்னுட்டா ரூம் எடுக்குறது சுலபம்தான்.” என் வாயா அது?

அவர் சிரிப்பு நின்றது. “சரி மாமா, நான்தான்னே வச்சுக்குங்க.”

ஒப்புக்கொண்டார் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

போன வாரம் இத்தா முடிந்து லாத்தா கொல்லைக்கு வந்தார். தளிரெல்லாம் பூங்கொத்து. ஆனாலும் மாப்பிள்ளையைப் பற்றி மெல்லப் புகார் சொன்னேன்.

“வெட்டுனது நான் தம்பி. சுபுஹு தொழுதுட்டு, நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள. இத்தாவுல கொல்லையில நின்னேன்னு ஊரு பேசுமேன்னு மாப்புள்ள வாயத் தொறக்கல. இனிமே யாருக்குத் தெரிஞ்சா என்ன?”

“கணு சரியா இல்லையே லாத்தா?”

“தடிச்சதுல அஞ்சு, பழத்துக்கு. மெலிஞ்சதுல ரெண்டு, அடுத்த வருஷக் கொடிக்கு. முப்பது வருஷமா நான்தான் வெட்டுறேன். அவங்க ஏணி புடிப்பாங்க. அப்பறம் உங்ககிட்ட வந்து தானே வெட்டுன மாதிரி அளப்பாங்க.”

“தண்ணி சொட்டுச்சே?”

“திராட்சைய வெட்டுனா சொட்டாதா?”

நானா, இது உண்மையா? நீங்கள் பொய் சொன்னீர்களா, அல்லது ‘வெட்டியாச்சு’ என்றதை நான்தான் ‘வெட்டினேன்’ என்று எழுதிக்கொண்டேனா? மருமகனைக் காப்பாற்ற லாத்தா கதை கட்டுகிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவரோ பேசிக்கொண்டே, பார்க்காமலே, வேண்டாத பக்கத் தளிர்களை நகத்தால் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை சனிக்கிழமை புறப்படுகிறார். ‘ஏதோ தவறாக விளங்கிக்கொண்டேன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டு முறை அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். அப்படிச் சொல்ல மாட்டேன். நாளை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வரும்போது, வாசலில் யார் நின்றாலும், ‘உங்களைச் சந்தேகப்பட்டேன், தப்பு என்னுடையது’ என்பேன். குரல் எழும்பாவிட்டால் இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடுத்துவிடுவேன், நானா. இது உறுதி.

நீங்கள் இல்லாதபோதும் உங்களுக்குத் தம்பியாகவே இருக்கும்,
பக்கத்து வீட்டுக் குருசாமி