உச்சி வெயிலில் ஒரு வேண்டுதல்

1-4-60, வெள்ளி. நகரி.

இன்று முதல் திருத்தணி மெட்ராஸோடு. நகரி ஆந்திராவிலேயே. இதற்கா, நகரியும் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினோம்? பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தவே ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னால், தாட்சாயணி கை கூப்பிக் கும்பிடுகிறாள். "அப்பாடா, எல்லாம் முடிஞ்சிடுச்சு. என் வேண்டுதல் பலிச்சிடுச்சு. திருப்பதி மலைக்கு நடந்து போவணும்."

என்ன வேண்டுதல்? செலுத்தும் முன் வாயால் சொல்லக் கூடாதாம்.

2-4-60

அவள் பிறந்த ஊர் புத்தூர். அண்ணன் நாகபூஷணம் ஆந்திராக் கட்சி. சரி. அப்படியானால் நான் ஊர்வலம் போன நாளெல்லாம் இவள் எனக்கு எதிராக வேண்டிக்கொண்டிருந்தாளா? கிளம்பும்போது மோர் கரைத்துக் கொடுத்தது யார் பிறகு? புரியவில்லை.

9-4-60

அவளோடு பேச்சு வார்த்தை இல்லை. குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை.

17-4-60

வேண்டுதலின் விவரம் கொஞ்சம் வெளியே வந்தது. உச்சி வெயிலில் ஏற வேண்டும். குடை கூடாது, தலையில் முந்தானைகூடப் போடக் கூடாது.

சித்திரை வெயிலில்! பைத்தியமா உனக்கு என்றேன்.

"எனக்குத்தான் வேண்டுதல். நீங்க ஈரத்துண்டு போட்டுக்கினு, குடை புடிச்சிக்கினு வாங்க. டாக்டர் சொன்னது மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. ஐம்பத்தாறில் திருத்தணிக்கு ஊர்வலம் போனபோது வெயில் தாக்கி நடுரோட்டில் விழுந்தேன். மூன்று நாள் நினைவில்லை. இனி வெறுந்தலையோடு வெயிலில் போனால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். அதன் பிறகும் ஊர்வலத்துக்குப் போனேன்தான். துண்டு போட்டுக்கொண்டு.

நான் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

24-4-60, ஞாயிறு. திருமலை.

சத்திரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.

பதினொன்றரைக்கு மலையடிவாரத்தில், அலிபிரியில் முதல் படி. எனக்குக் கறுப்புக் குடை, ஈரத்துண்டு, முழுக்கைச் சட்டை, கூஜாவில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். பத்துப் படிக்கு ஒரு தரம் அவளே திரும்பிப் பார்த்து, "துண்டு காஞ்சிடுச்சு, நனைச்சிக்கோங்க" என்கிறாள். அவள் தலையில் ஒன்றுமில்லை. கல் கொதிக்கிறது. எதிரே இறங்கி வந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். பெண்டாட்டியை வெயிலில் விட்டுவிட்டுக் குடையில் போகிற மகராஜன்.

மலைப்பாதை நடுவில் இருக்கும் காலி கோபுரம் நெருங்கும்போது அவள் முகம் சிவந்து, கால் தடுமாறியது. குடையை அவள் பக்கம் சாய்த்தேன். விலகிப் போனாள். எனக்கு வந்ததே கோபம்.

"உங்க அண்ணன் கட்சி ஜெயிச்சதுக்கு உயிரையே குடுப்பியா?"

அங்கேயே, வெயிலிலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா கட்சி? நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்போ வேண்டிக்கினேன். இந்த எல்லைச் சண்டை தீர்ற வரைக்கும் இவரு ஊர்வலத்த வுட மாட்டாரு, அது தீர்ற வரைக்கும் உசுரோட வெச்சிரு, அவரு மேல வுழற வெயில நான் வாங்கிக்கிறேன்னு. நகரி எந்தப் பக்கம் போனா எனக்கின்னா?" மூச்சு வாங்கியது. "சொல்லக் கூடாதத சொல்ல வெச்சிட்டீங்களே."

நான் குடையை மடக்கினேன்.

"விரிங்க. இல்லன்னா நான் நடந்ததெல்லாம் வீணாப் போயிடும்."

விரித்தேன். மீதி மலை முழுக்க நான் நிழலில், அவள் ஒரு கை தூரத்தில் வெயிலில். எலுமிச்சைத் தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. வெட்கமா, வேறு என்னவோ, தெரியவில்லை. மூன்று வாரம் இவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேனே, மடையன்.

1-5-60, ஞாயிறு. நகரி.

அவள் மூக்கில் தோல் உரிகிறது. மோர் தடவிவிட்டேன். "பசங்க பாத்தா சிரிப்பாங்க வாத்தியாரே" என்கிறாள்.

மத்தியானம் வேதாச்சலம் வந்தார். ஊர்வலத்தில் எப்போதும் என் பக்கத்தில் நடப்பவர். சண்டை இன்னும் தீரவில்லை என்கிறார். டில்லிக்கு மனு, புதன்கிழமை புத்தூர் வரைக்கும் நடை. "முன்னாடி நீங்கதான் நிக்கணும்."

என் எண்ணம் மாறவில்லை. நகரி மெட்ராஸ் பக்கம்தான் போயிருக்க வேண்டும். மனுவில் முதல் கையெழுத்து நானே போட்டேன். நடைக்கு வரவில்லை என்றேன்.

"இன்னாத்துக்கு? பயமா?"

அந்த வெயிலை ஒருத்தி ஏற்கனவே வாங்கிக்கொண்டுவிட்டாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆமாம், பயம்தான் என்றேன்.