இடது ஓரத்துக் காலிக் கட்டங்கள்

14 ஜூன் 2025, சனி. மேலகரம்

சீசன் தொடங்கிவிட்டது. காலையிலிருந்து குற்றாலம் போகிற கார்கள் வாசலை அடைத்துக்கொண்டு ஹாரன் அடிக்கின்றன. சாரல் விழுந்தால் ஊருக்கே கொண்டாட்டம். எனக்குக் கொடியில் போட்ட துணி நனைகிறது, அவ்வளவுதான்.

மகள் முத்துலட்சுமி கோயம்புத்தூரிலிருந்து பார்சல் அனுப்பியிருக்கிறாள். மருந்தாக இருக்கும் என்று பிரித்தால் விளையாட்டுச் சாமான். ஆளுக்கொரு பலகை, அதில் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். துணித்துண்டு மாதிரி அச்சடித்த அட்டைகள் கோணலும் மாணலுமாக. கை நிறையப் பொத்தான்கள். இரண்டு பேர் ஆட வேண்டும். பொத்தானைக் கொடுத்துத் துண்டு வாங்கி, இடைவெளி விடாமல் பலகையில் அடுக்கி, ஒட்டுப்போர்வை செய்ய வேண்டுமாம். கடைசியில் காலியாகக் கிடக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு புள்ளி கழியும். அரை மணியில் ஆட்டம் முடிந்துவிடும்.

முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் காக்கி போட்டு எஸ்.எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆனவன் அட்டைப் போர்வை தைக்க வேண்டும். பெண்டாட்டிக்குப் பக்கவாதம் வந்தால் புருஷனுக்கு என்னவெல்லாம் வந்து சேருகிறது!

16 ஜூன்

ஹஸீபா சொல்லித்தான் மகள் இதை அனுப்பியிருக்கிறாள். ஹஸீபா தென்காசியில் ஆனந்தவள்ளிக்குப் பயிற்சி கொடுக்கிற பெண். மாதம் ஒருமுறை நாங்கள் போக வேண்டும். மற்ற நாட்களுக்கு இந்த விளையாட்டு. போனில் மூன்று விதி சொன்னாள். தினமும் ஒரு ஆட்டம். அம்மாவுக்கு எந்த உதவியும் செய்யக்கூடாது, வாயாலும் கூடாது. முடிந்ததும் அம்மாவின் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

எதுக்கும்மா போட்டோ என்று கேட்டேன். “நீங்க அனுப்புங்க சார், நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். இருபத்தெட்டு வயதுகூட இருக்காது. எனக்கு உத்தரவு!

17 ஜூன்

முதல் ஆட்டம். இடது கைதான் அவளுக்கு இழுத்துக்கொண்டது, பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. வலது கையால் துண்டுகளை எடுத்து விறுவிறுவென்று வைத்தாள். நான் யோசித்து முடிக்கும் முன்னால் அவள் அடுத்த துண்டைப் பார்த்துவிடுகிறாள். வலது பக்கம் அச்சு அசலாகப் போர்வைதான். ஆனால் இடது பக்கம் மூன்று வரிசை அப்படியே காலி. மேலிருந்து கீழ்வரை இருபத்தேழு கட்டம். கழித்தால் ஐம்பத்து நாலு புள்ளி போச்சு.

அந்தப் பக்கம் அவ்வளவு இடம் கிடக்கிறதே, அங்கே வைக்க வேண்டியதுதானே என்றேன். “எங்கன கெடக்கு? அதான் நெறஞ்சுட்டே” என்கிறாள். கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது! முப்பத்தாறு வருஷமாக இந்தப் பிடிவாதத்தோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

21 ஜூன்

தட்டில் பாதிச் சோறு மிச்சம். வலது பக்கம் வழித்துச் சாப்பிட்டிருக்கிறாள். இடது பக்கம் கை படவில்லை. நான் வைத்த குழம்பு பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லலாமே. கோபத்தில் தட்டை எடுத்தவன் மறுபடி கீழே வைத்தபோது, தட்டு சுற்றி மிச்சச் சோறு அவளுக்கு வலது பக்கம் வந்துவிட்டது. “இப்பதான் கொண்டாந்தியளா?” என்று கேட்டுவிட்டு மீதியையும் சாப்பிட்டாள். கொழுப்புதானே இது?

29 ஜூன், ஞாயிறு

முத்துலட்சுமி பேசினாள். கெடு வைத்திருக்கிறாள். ஆவணி பிறப்பதற்குள் தேறவில்லை என்றால் அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம். உங்களுக்குப் பொறுமை கிடையாது, அம்மாவை அதட்டிக்கொண்டே இருப்பீர்கள் என்றாள். பெற்ற மகள்.

அப்போ நான், என்று கேட்டேன்.

“நீங்க வேணா வாங்க.”

வேணா வாங்க. எழுதிப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. இந்த வீட்டில் ஆனந்தவள்ளி இல்லாமல் நான் என்ன செய்வேன்? அவளிடம் எரிந்து விழக்கூட ஆள் கிடையாதே.

2 ஜூலை

போட்டோ எடுப்பதற்கு முன்னால் இரண்டு துண்டை நானே வைத்தேன். அவள் வைத்திருக்கக்கூடிய இடம்தான்.

3 ஜூலை

ஹஸீபா போனில் கைதட்டுகிற பொம்மைப் படம் அனுப்பியிருக்கிறாள். அவள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு மகளும் கூப்பிட்டு, அம்மா நேற்று நல்லா வைத்திருக்கிறாளே என்றாள். இந்த வீட்டுக்கு ஒரு நல்ல வார்த்தை வந்து எத்தனை மாதம் ஆயிற்று!

10 ஜூலை

ஆட்டம் முடிந்ததும் அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிடுகிறேன். பிறகு மிச்சத் துண்டுகளை எடுத்து இடது பக்கத்தை நிரப்புகிறேன். எல்லாவற்றையும் நிரப்புவதில்லை. நாலைந்து கட்டம் விட்டுவிடுவேன். முழுக்க இருந்தால் சந்தேகம் வரும்.

ஸ்டேஷனில் சாட்சி சொன்னதைச் சொன்னபடியா எழுதினோம்? அவன் முன்னுக்குப் பின் உளறுவான். நாம்தான் கோர்ட்டில் நிற்கிற மாதிரி நேர் பண்ணி எழுதுவோம். கையெழுத்துக்கூட வாங்க வேண்டியதில்லை. அதற்காக அது பொய்யா? நடந்தது நடந்ததுதான், எழுத்து மட்டும் நம்முடையது. இதுவும் அப்படித்தான். எப்படியும் ஒருநாள் தேறத்தான் போகிறாள். நான் தேதியைக் கொஞ்சம் முன்னால் போடுகிறேன்.

19 ஜூலை, சனி

தென்காசி போய்வந்தோம். ஹஸீபா ஒரு தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகளாகப் போட்டு, எல்லாவற்றையும் குறுக்கே கோடிட்டு அடிக்கச் சொன்னாள். ஆனந்தவள்ளி வலது பக்கத்துக் கோடுகளை மட்டும் அடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். ஹஸீபா தாளையும் என் போட்டோக்களையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டில் இவ்வளவு நன்றாக வைக்கிறவர்கள் இங்கே ஏன் தடுமாறுகிறார்கள் என்று கேட்டாள்.

வீட்டில் நிம்மதியாக ஆடுகிறாள், இங்கே புது இடம், பயம் என்றேன். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல் சொன்னேன். சர்வீஸில் படித்தது.

அவளும் ஒப்புக்கொண்டாள். போட்டோ இப்படியே வந்தால் அடுத்த மாதம் அடுப்படியில் சின்ன வேலைகள் செய்யலாம் என்றாள். அடுப்படி என்றதும் ஆனந்தவள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் சமையலிலிருந்து தப்பிக்கிற அவசரம்.

20 ஜூலை

“நெசமாவே நான் முழுசா வைக்கேனா?” என்று கேட்டாள்.

“நீதான் வைக்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“எனக்கு வச்ச மாதிரியே தெரியல.”

“மறந்துருக்கும்.”

சந்தோஷமாகப் போய்க் கண்ணாடி முன்னால் தலை சீவினாள். வலது பக்கம் மட்டும் சீவிக் கொண்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவிழ்த்து, இடது பக்கத்தை நான் சீவிவிட்டேன். மகள் வீடியோவில் பார்ப்பாளே.

9 ஆகஸ்ட், சனி

ஹஸீபா அனுமதி கொடுத்துவிட்டாள். டீ போடலாம், தோசை சுடலாம். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

17 ஆகஸ்ட், ஆவணி 1

கெடு முடிந்தது. முத்துலட்சுமி காலையிலேயே கூப்பிட்டாள். இவ்வளவு தேறிவிட்டதால் அம்மா அங்கேயே இருக்கட்டும் என்றாள். “உங்களைச் சும்மா திட்டிட்டேன்பா, நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க” என்றாள்.

ஜெயித்தேன்.

21 ஆகஸ்ட்

எழுதுகிறேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேப்பர்காரன் வந்தான். வாசலுக்குப் போனவன் பேப்பரை எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதானே? தலைப்பைப் படித்துக்கொண்டு நின்றேன். ரெண்டு நிமிஷம் இருக்குமா. உள்ளே வந்தால் அவள் கரண்டியோடு திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“என்னமோ கருகுத வாடை வருதுல்லா?” என்று என்னிடம் கேட்கிறாள்.

அவளுடைய இடது கை தோசைக்கல் ஓரத்தில் கிடந்தது. அவளுக்குத் தெரியவில்லை. வலிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. நான் கையைப் பிடித்து இழுத்த பிறகு, எதற்கு இப்படிப் பிடித்து இழுக்கிறீர்கள் என்று என்னைக் கோபித்துக்கொண்டாள்.

ஐயோ, என்ன செய்துவிட்டேன்.

22 ஆகஸ்ட்

உள்ளங்கையும் இரண்டு விரலும். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எடது பக்கம் நல்லாயிட்டுன்னுதானே சொன்னிய?”

மேலகரம் வரும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

23 ஆகஸ்ட், சனி

ஹஸீபா வீட்டுக்கே வந்துவிட்டாள். காயத்தைப் பார்த்தாள். பிறகு விளையாட்டுப் பெட்டியை எடுத்து, ஆனந்தவள்ளிக்கு எதிரே உட்கார்ந்து அவளே ஆடினாள். அரை மணி நேரம். நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். குற்றவாளிகளை நான் நிறுத்துகிற மாதிரி யாரும் என்னை நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். ஆட்டம் முடிந்தது. இடது பக்கம் மூன்று வரிசை காலி. முதல் நாள் இருந்த அதே இருபத்தேழு.

அவள் கேட்கும் முன்னால் நானே சொல்லிவிட்டேன். காலியாகக் கிடந்தால் புள்ளி கழியுமே என்று ஏதோ உளறினேன்.

“அந்தக் காலிக் கட்டத்தைப் பாக்கத்தான் சார் நான் போட்டோவே கேட்டேன்.”

சத்தம் போடவில்லை. கண்ணில் குறை இல்லையாம். மூளை இடது பக்கத்தையே கணக்கில் எடுக்கவில்லையாம். தட்டில் பாதிச் சோறு, தலையில் பாதிச் சீவல், எல்லாம் அதுதானாம். எந்த வாரம் எத்தனை கட்டம் குறைகிறது என்று பார்த்துத்தான் பயிற்சியை மாற்ற நினைத்திருந்தாளாம். ரெண்டு மாசம் போச்சு சார் என்றாள். என்னிடம் சொல்லியிருக்கலாமே, எதற்கு மூடி வைத்தாய் என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை, அப்படியும் ஏமாந்துவிட்டேன் என்றாள். அந்தப் பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. நான் அதட்டி விரட்டிய எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் செய்ததில்லை. இன்று நிற்க முடியவில்லை.

ஆனந்தவள்ளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹஸீபா போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“ஒரு நாளாவது நானா முழுசா வச்சேனா?”

“இல்ல.”

“ஒரு நாளும்?”

“இல்லட்டி.”

நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், படுக்க வேண்டும் என்றாள்.

25 ஆகஸ்ட்

முத்துலட்சுமி காரோடு வந்தாள். சண்டை போடவில்லை. துணிமணியை எடுத்து வைத்தாள். “அந்தப் பெட்டியையும் எடுத்துக்கிடு” என்று ஆனந்தவள்ளி அவளிடம் சொன்னாள். என்னிடம் இல்லை. வேணா வாங்க என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை.

ஆனந்தவள்ளி காரில் ஏறும்போது நான் அவளுக்கு இடது பக்கமாகப் போய் நின்றேன். அவள் திரும்பவில்லை. தெரியாமல் திரும்பவில்லையா, தெரிந்தே திரும்பவில்லையா? வலது பக்கம் வந்து நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

3 செப்டம்பர்

போன் செய்தேன். அம்மா பயிற்சியில் இருக்கிறாள் என்றாள் மகள்.

7 செப்டம்பர்

அம்மா தூங்குகிறாள்.

12 செப்டம்பர்

அம்மா குளிக்கிறாள். நான் ஆயிரம் பேரை விசாரித்தவன். எது சாக்கு என்று எனக்குத் தெரியாதா?

20 செப்டம்பர்

சீசன் ஓய்ந்துவிட்டது. ரோட்டில் ஒரு ஹாரன் இல்லை. அருவியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்கிறார்கள். ஒருத்தனுக்குச் சமைப்பது பெரிய கஷ்டம், எதைச் செய்தாலும் மிஞ்சுகிறது. இன்று பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன்.

5 அக்டோபர், ஞாயிறு

ஹஸீபாவைப் போய்ப் பார்த்தேன். எந்தத் தேதியில் எத்தனை துண்டு நான் வைத்தேன் என்று ஞாபகம் இருந்தவரை எழுதிக் கொடுத்தேன். கோயம்புத்தூரில் பார்க்கிறவர்களுக்கு அனுப்பச் சொன்னேன். இனிமேல் இதனால் பெரிய உபயோகம் இல்லை சார் என்றாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

19 அக்டோபர், ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. சாயங்காலம் முத்துலட்சுமி வீடியோவில் கூப்பிட்டாள். வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா உங்களோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்கிறாள் என்றாள்.

போனை ஏதோ ஸ்டாண்டில் மாட்டியிருந்தார்கள். இரண்டு பலகையும் தெரிந்தது. என் துண்டை நான் சொல்லச் சொல்ல மகள் வைத்தாள். ஆனந்தவள்ளி தன்னுடையதைத் தானே வைத்தாள். கட்டு அவிழ்த்தாயிற்று, உள்ளங்கை மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அவள் பலகையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டுமாம்.

நடுவில் ஒரு நீளத் துண்டை வாங்கிவிட்டு இடம் தேடினாள். வலது பக்கமே தேடிக்கொண்டிருந்தாள். மூன்று நிமிஷம் இருக்கும். அந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாரு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முண்டைக்கு இதுகூடவா தெரியவில்லை என்று பழைய கோபமும் வந்தது, மறைப்பானேன். வாயைத் திறக்கவில்லை. அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். டேப்பைப் பார்த்தாள். துண்டைக் கொண்டுபோய் அங்கே வைத்தாள்.

கடைசியில் பதினோரு கட்டம் காலி. இருபத்திரண்டு புள்ளி கழிந்தது. என்னிடம் தோற்றாள். தோற்றவள் முகம் மாதிரி இல்லை.

மகள் உள்ளே போனதும் கேட்டேன், “வீட்டுக்கு எப்ப வாரே?”

அவள் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டுக்கொண்டே சொன்னாள். “இப்படியே ஆடுவோம். இங்கன உங்க கை எட்டாதுல்லா.”