கருநீல வண்டியின் இடது பக்கம்

தணிகைநாதன் துணை

திருத்தணி,
ஆடி 3

அன்புள்ள பாவாவுக்கு,

தமயந்தி எழுதுகிறேன். கை நடுக்கம் குறைந்ததா? சாப்பாடு இறங்குகிறதா? குடியை விடவைக்கிற அந்த ஆவடி இல்லத்தில் அறுபது நாளைக்குப் போன் கிடையாது, கடிதம் போடலாம், அதையும் கவுன்சிலர் அம்மா படித்துவிட்டுத்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். படிக்கட்டும். உங்களுக்கும் வணக்கம் அம்மா. இந்த ஆள் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் என் கடிதத்தில் கிடைக்கும்.

இங்கே கிருத்திகைக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. தெரு முழுக்கக் காவடியும் மேளமும்தான். போன வருடம் இந்த நேரத்தில் உங்களைச் சாப்பிட உட்காரவிடாமல் சவாரிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போதும் இரண்டு பேர் எனக்குப் போன் பண்ணி, “டிரைவர் அண்ணன் கீறாரா?” என்று கேட்டார்கள். சென்னையில் வேலையாக இருக்கிறார் என்று பொய் சொன்னேன். ஊரே நிரம்பி வழிகிறது, நம் வீட்டில் மட்டும் குக்கர் விசில் சத்தத்துக்கு நானே திடுக்கிடுகிறேன். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க இன்னும் கை பழகவில்லை.

மோனிகா கனகம்மாசத்திரத்தில் தணிகைவேல் அண்ணன் வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள். அங்கிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடம் வந்து போகிறாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வண்டி வரும்வரை அவளோடு நிற்கிறேன். வேர்க்கடலை வாங்கித் தருகிறேன், சாப்பிடுகிறாள். வீட்டுக்கு வா என்றால், “அந்தக் காரு அங்க நின்னுகினு கீற வரிக்கும் நான் வர மாட்டேம்மா” என்கிறாள். பெற்ற பெண்ணை பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது பாவா. உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று இதற்குமேல் எழுதவில்லை.

வண்டியை விற்றுவிட வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. “ஆர்சி புக்கு உன் பேர்லதானே கீது, மச்சான் வர்றதுக்குள்ள தள்ளிடு, வந்தா மறுபடியும் சாவியத்தான் தேடுவான்” என்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த வண்டி இல்லாமல் நீங்கள் காலையில் எழுந்து என்ன செய்வீர்கள்? சும்மா உட்கார்ந்தால் உங்கள் கால் எந்தக் கடைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அண்ணனிடம் இரண்டு வாரம் தவணை கேட்டிருக்கிறேன்.

என் கணக்கு இதுதான். அன்றைக்கு நீங்கள் குடித்துவிட்டு மோனிகாவை டியூஷனிலிருந்து ஏற்றி வந்தபோது, பாலத்துக் கட்டைச் சுவரில் இடது பக்கம் முழுக்க உரசிய தடம் இருக்கிறதே, அது கண்ணில் படாமல் போய்விட்டால் பெண் மனசு மாறும். வண்டியும் நிற்கும், உங்களுக்குத் தொழிலும் இருக்கும். கண்ணாடி புதிதாகப் போட்டாகிவிட்டது. தடத்தைத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் முன்பக்கத்தில் கை வைத்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பானெட்டில் அப்படியே காய்ந்து கிடந்தது. துடைக்கக் கூடாது என்று நீங்கள்தான் பத்து மாதமாகத் தடுத்து வைத்திருந்தீர்கள். சோப்புத் தண்ணீருக்குப் போகவில்லை. குத்துவிளக்கு மங்கினால் விபூதி போட்டுத் தேய்க்கிற கை பாவா இது, வேறென்ன தெரியும்? ஈரத் துணியில் விபூதியைத் தொட்டு பானெட் முழுக்க அழுத்தித் தேய்த்தேன். காய்ந்ததும் வெயிலில் பார்த்தால், வட்டம் வட்டமாக ஆயிரம் மெல்லிய கீறல். உங்கள் கருநீலம் சாம்பல் பூத்து நின்றது. எல்லோரும் வெள்ளை வண்டி வாங்கியபோது பிடிவாதமாக வாங்கிய நிறம். குழாயடியில் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கோயம்புத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன் வீட்டிலேயே செய்வது எப்படி என்று நிதானமாகச் சொல்லித் தருகிறான். இரண்டு பக்கெட் வேண்டுமாம். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். அலசாமல் திரும்பத் தேய்த்தால் துணியில் ஒட்டிய மண்ணே பெயிண்டைக் கீறிவிடும். வெயில் ஏறுவதற்கு முன்பே செய்ய வேண்டும், தகரம் சுடக் கூடாது. ஸ்பாஞ்சில் கடலைப் பருப்பு அளவு காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசை, ஒரு முழச் சதுரம், குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். பானெட்டின் ஒரு மூலைக்கே எனக்கு ஒரு காலை பிடித்தது. நாலாம் நாள் பானெட் முழுக்க முடிந்து, அதில் என் முகம் தெரிந்தது. தலையில் நரை அவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

எதிர்வீட்டுக் கவிதா தறியை நிறுத்திவிட்டு வந்து, “இன்னாக்கா, ஓட்டுற ஆளே இல்ல, காருக்கு ஷோக்கு பண்ணிகினு கீறே?” என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சிரித்துவிட்டு, பொழுது போக வேண்டாமா என்றேன். அதுவும் உண்மைதான். காலையில் இரண்டு மணி நேரம் இந்த வேலையில் போய்விடுகிறது. மீதிப் பொழுதுதான் போகவில்லை.

நாளைக்கு இடது பக்கம் ஆரம்பிக்கிறேன். இரண்டு வரியாவது பதில் போடுங்கள். கவுன்சிலர் அம்மா, எழுதச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தமயந்தி



திருத்தணி,
ஆடி 19

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்றே வரி. அதில் இரண்டு வரி வண்டியைப் பற்றி, வேக்ஸ் போட்டாயா, கவர் போட்டு மூடாதே தூசி உரசும் என்று. பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கப் பயம் என்று எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

வேக்ஸ் போட்டேன். மேல்கூரை, டிக்கி, வலது பக்கம் எல்லாம் முடிந்து, தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று பானெட்டில் ஏறி, வழுக்கி, அசிங்கமாகத் திட்டுகிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனது. வெகு நாளைக்கப்புறம் சத்தமாகச் சிரித்தேன். யாரிடமாவது சொல்லலாம் என்று வீட்டுக்குள் போய்விட்டு, திரும்பி வந்து ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டேன்.

இடது பக்கம் வரவில்லை பாவா. போனில் சொல்லித் தருகிற அந்தப் பையன் ஒரு சோதனை சொல்லியிருந்தான். கீறல் மேல் நகத்தை ஓட்டிப் பார், நகம் மாட்டாமல் போனால் பாலிஷில் போகும், மாட்டினால் போகாது என்று. முன் கதவில் நகம் மாட்டியது. பின் கதவு வரை ஓட்டினேன், மாட்டிக்கொண்டே வந்தது. தெரிந்தும் ஆறு நாள் தேய்த்தேன். சுற்றியிருந்த பெயிண்ட் பளபளக்கப் பளபளக்கத் தடம்தான் இன்னும் நன்றாகத் தெரிந்தது. மோனிகா உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரே அரை விரல் ஆழத்துக்குத் தகரமே உள்ளே போயிருக்கிறது. இத்தனை நாள் அதை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுத் தேய்த்தபோதுதான், சுவர் எவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறது என்று தெரிந்தது. அதற்குப்பின் எனக்குக் கை ஓடவில்லை.

டிங்கரிங் கடை வேணு வந்து பார்த்தார். “பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சா பெத்தவனுக்கே தெரியாதுக்கா” என்றார். அன்று பஸ் ஸ்டாண்டில் மோனிகாவிடம் அதைச் சொன்னேன். வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, “மத்தவங்களுக்குத் தெரியாதும்மா, நான்தானே அந்தப் பக்கம் உக்காந்துகினு இருந்தேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு நிதானம் வந்திருக்கக் கூடாது.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் பண்ணி, வண்டி வாங்குகிற ஆளைக் கூட்டி வாருங்கள் என்றேன்.

கிருத்திகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை திருவாலங்காட்டிலிருந்து பச்சையப்பன் என்பவரை அழைத்து வந்தார். அவரும் சவாரி ஓட்டுகிறவர்தான். பானெட்டைத் தடவிப் பார்த்து, எந்தக் கடையில் பாலிஷ் போட்டது என்று விசாரித்தார். நான் என்றதும் நம்பவில்லை. சுற்றி வந்து இடது பக்கம் பார்த்து, இது என்ன என்றார். அண்ணன் முந்திக்கொண்டு, லாரிக்காரன் உரசிவிட்டான் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. “இல்லீங்க, என் வூட்டுக்காரர் குடிச்சிட்டு ஓட்டினாரு. என் பொண்ணு உள்ள இருந்துச்சு” என்று சொன்னேன். அண்ணன் என்னை முறைத்தார். தெருவில் கவிதா நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும். இரண்டு மாதமாகச் சொன்ன பொய்யெல்லாம் அதோடு போயிற்று. பச்சையப்பன் குனிந்து அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, பெண்ணுக்கு அடி ஒன்றும் இல்லையே என்று கேட்டார். அவருக்கே கொடுத்துவிட்டேன்.

கையெழுத்து நான்தான் போட்டேன், அண்ணனைக் குறை சொல்லாதீர்கள். உங்களைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் இளகியிருப்பேன். வண்டி தெருமுனை திரும்பும்போது ஓடிப்போய் நிறுத்தலாமா என்றுகூட இருந்தது. அவ்வளவு அழகாக இருந்தது பாவா. நீங்கள் வாங்கிய அன்றைக்குக்கூட அப்படி இல்லை.

கோபம் வரும். வரட்டும். கோபத்தோடே வாருங்கள், ஆனால் வழியில் எங்கும் இறங்காமல் வாருங்கள். தொழிலுக்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிக்கலாம். தனியாக யோசித்து எனக்கு அலுத்துவிட்டது.

மோனிகா செவ்வாய்க்கிழமை வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கே நடந்து வந்தாள். பையை வைத்தாள், காலியாகக் கிடந்த வாசலைப் பார்த்தாள், பசிக்கிறது என்றாள். அவ்வளவுதான். இப்போது பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்குச் சோறு சரியாக இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களை அனுப்புகிறார்கள் என்று கவுன்சிலர் அம்மா சொன்னார்கள். ஆவடியில் ஏறினால் நேரே திருத்தணி, மாற வேண்டியதில்லை. நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். நேற்று சாப்பிடும்போது அதை மோனிகாவிடம் சொல்லி, நீயும் வருகிறாயா என்று கேட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “நைனா எத்தினி மணி ரயில்ல வருது?” என்று கேட்டாள்.

எந்த ரயில் என்று உடனே எழுதுங்கள் பாவா. எழுதிய ரயிலில் வாருங்கள்.

இப்படிக்கு,
தமயந்தி