பரீட்சை அறையில் பிற்பாட்டு

1942 மே 18, திங்கள்

யப்பான்காரன் குண்டு போட்டு எங்கள் கடலில் பெரிய கப்பல் மூழ்கிப்போன வருஷம் இது. அரிசிக்குக் கூப்பன் வந்த வருஷமும் இதுதான். நான் அறுபதைத் தாண்டிவிட்டேன். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் மட்டும் ஐம்பத்து மூன்று. அன்னம், அதை எழுதாதே. எழுதிவிட்டாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பெண்சாதி அன்னப்பூரணி எழுதுகிறாள்.

இன்று வந்த கட்டளை: காயம் கட்டும் ஊழியர் எல்லாருக்கும் ஜூலையில் வாய்ப் பரீட்சை. தேறாதவன் சலவைக் கொட்டிலுக்குப் போக வேண்டும். இருபத்து நாலு வருஷமாக வார்டில் காயம் கட்டுகிறேன். கை செய்வதை வாய் சொல்லுமா?

மே 24

அன்னம் வைத்தியப் புத்தகத்தை ஏழு தரம் வாசித்தாள். ஒரு வரியும் தங்கவில்லை. கூத்தில் ராசா வேசம் கட்டிய காலத்தில், பழக்கிய அண்ணாவியார் ஒரு தரம் பாடினால் முழுக் கூத்தும் எனக்குப் பாடம். இந்தப் புத்தகத்துக்கு என்ன கேடு?

மே 25

தாளம் இல்லாததுதான் கேடு! இரத்தம் நிறுத்தும் பாடத்தை வடமோடிக் கூத்து மெட்டில் போட்டேன் —

பெருகும் குருதியைக் கண்டால் — நான்
பிடித்தே அழுத்துவேன் துணியால்
ஒருகை உயர்த்தியே வைப்பேன்...

இறங்கிவிட்டது! முற்றத்தில் இரண்டு சுற்று ஆடினேன். கோழிகள் வேலி பாய்ந்தன.

ஜூன் 9

பத்துப் பாடமும் பாட்டாகிவிட்டன. பைப்படியில் கைகழுவும்போதெல்லாம் நான் பாட, காத்தான்குடி ஆதம்பாவா கடைசி வரியைப் பிற்பாட்டாகத் திருப்பிப் பாடுகிறார். அவருக்கும் இதே பரீட்சைதான். "மச்சான், பாஸ் பண்ணாட்டியும் உங்கட கூத்துக்கு நான் வந்திருவன்" என்றார்.

ஜூன் 20

பாடாமல் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

ஜூலை 5

நாளைக்குப் பரீட்சை. ஐயோ, டொக்டருக்கு முன்னால நிண்டு பாடுறதா? பைத்தியம் எண்டு சொல்லுவாங்க. பாடாட்டி ஊமை எண்டு சொல்லுவாங்க. நான் ஆரு, படிச்ச ஆக்களுக்கு நடுவில போய் நிக்க? "இஞ்ச பாருங்க, சலவைக் கொட்டிலெண்டாலும் நான் சோறு தருவன்" என்கிறாள் அன்னம். ஆறுதலா இது?

ஜூலை 6

இரத்தம் நிறுத்தும் பாடத்தைத்தான் கேட்டார் பெரிய டொக்டர். என் வாய் பூட்டிக்கொண்டது.

"தெரியாதா?"

"தெரியும் ஐயா. பாடாம வருகுதில்ல."

பேனையை வைத்தார். "அப்ப பாடும்."

மெல்லத் தொடங்கினேன். இரண்டாம் வரியில் கால் தன்பாட்டில் மிதித்தது. 'ஒருகை உயர்த்தியே வைப்பேன்' என்று நான் நிறுத்த, கதவுக்கு வெளியே இருந்து பெருங்குரல் — "உயர்த்தியே வைப்பேன்!" ஆதம்பாவா! பழக்கத்தில் பிற்பாட்டு எடுத்துவிட்டார், பாவி.

டொக்டர் எழும்பினார். "ஆர் வெளிய நிண்டு விடை சொல்லிக் குடுக்கிறது? ரெண்டு பேரின்ட பேரையும் பரீட்சையில இருந்து வெட்டிப்போடுவன்!"

போச்சு என்று நினைத்தேன். ஆதம்பாவா உள்ளே வந்து, "சேர், நான் சொல்லிக் குடுக்கல்ல. அவர் பாடினத்தத்தான் திருப்பிப் பாடினன். பிற்பாட்டில்லாட்டி கூத்து நிண்டிரும்" என்றார், வலு நியாயமாக.

டொக்டரின் மீசை ஒருபக்கம் ஆடியது. எங்களைப்போல் பரீட்சைக்கு வந்து காத்திருந்த அழகரத்தினத்தைக் கூப்பிட்டு, அவர் கையை என்னிடம் நீட்டினார். "இந்தக் கையில ரத்தம் ஓடுது. கட்டும். பாடிக்கொண்டு கட்டும்."

கட்டினேன். பாட்டு முடிய முடிச்சும் விழுந்தது. ஆதம்பாவா அடக்கமாட்டாமல் மறுகாவும் பிற்பாட்டு எடுத்தார். இம்முறை டொக்டர் மேசையில் தாளம் போட்டார்!

ஜூலை 17

மூன்று பேரும் பாஸ். வார்டுச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள்: அழகரத்தினம், ஆதம்பாவா, கடைசியில் நான், சாமித்தம்பி. அன்னம் எழுத முடியாமல் சிரிக்கிறாள்.

1949 மார்ச் 3

இன்றோடு வேலை முடிந்தது. கடைசியாகக் கட்டுப் போட்டது புதிதாக வந்த தாதி பரீனாவின் விரலுக்கு; போத்தல் வெட்டிவிட்டது. நான் கட்டக் கட்ட, வார்டுச் சுவரில் இருந்த அந்தப் பழைய பாஸ் பட்டியலை அவள் வாசித்தாள்.

"அழகரத்தினம்?"

"வாவியில தோணி கவிண்டு போயிட்டார், மகள்."

"ஆதம்பாவா?"

"போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள் மௌத்தாகிப் போயிட்டார்."

"மூணாவது பேர் அழிஞ்சு போயிருக்கு. அவர் இருக்காரா, ஐயா?"

முடிச்சை இறுக்கினேன். "இருக்கார்" என்றேன். "சாமித்தம்பி."