நாம் பரிந்து பேசிய நாயகர்கள்

றிபாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். விளக்கமறியல் சிறையில் பொழுது போகவில்லை, பாதாள உலக நாவல்கள் கொண்டுவா என்று சொல்லியனுப்பியிருந்தீர்கள். அலுமாரியிலிருந்து எடுத்தேன். கொண்டுவர மனம் வரவில்லை.

கல்யாணமான புதிதில் நீங்கள் சத்தமாக வாசிப்பீர்கள், நான் மீன் வெட்டிக்கொண்டே கேட்பேன். கதாநாயகன் கடத்தினாலும் கொன்றாலும், "பாவம், அவனுக்கு வேற வழியில்ல" என்று நான்தான் முதலில் பரிந்து பேசுவேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

நேற்று ஸப்ரியின் உம்மா வீட்டுக்கு வந்தார். நீங்கள் விற்ற ஐஸ் போதைப்பொருளைப் பாவித்து இறந்த மகனை மையவாடியில் அடக்கிய பிறகு அவர் வெளியில் வந்தது இதுதான் முதல் தடவை. ஏசுவார் என்று பயந்தேன். அவர் ஏசவில்லை. கதிரையில் அமர்ந்து மெதுவாகக் கேட்டார்:

"ஒண்ட மாப்புள என்ட மகன சின்னப் புள்ளையில இருந்து தெரிஞ்சவர்தானே, புள்ள? விக்கக்குள்ள அவன்ட மொகத்தப் பாக்கல்லயா?"

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமலே எழுந்து போனார்.

நாம் வாசித்த கதைகளில் செத்தவர்களுக்கும் உம்மாமார் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி நாம் ஒருநாளும் கதைத்ததில்லையே.

புதன்கிழமை வருவேன். அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வதென்று உங்களிடம் கேட்பேன். உண்மை எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். "உங்களுக்காகத்தானே செய்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுப் படியேற என்னால் முடியாது.

உங்களுக்காக இன்னும் துஆக் கேட்கும்
உங்கள் மனைவி