மாலை நான்கு முதல் ஆறு வரை

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.
22.3.2007

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி அருள்முருகனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பதாகத்தான் போனில் சொல்கிறாய், ஆனால் இருமிக்கொண்டே சொல்வதால் நான் முழுதாக நம்பவில்லை. டில்லிக் குளிர் போய்விட்டது என்று ஸ்வெட்டரை மடித்து வைத்திருப்பாய், எடுத்துப் போட்டுக்கொள். தம்பிக்கு பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது, ஒவ்வொரு பேப்பரும் ஈஸி என்று சொல்லிக்கொண்டு வருகிறான், அது எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவைக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் சர்க்கரை பார்த்தேன், பரவாயில்லை. உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் இவ்வளவு தாமதமானதற்குக் காரணம் இந்தக் கடிதம் முடியும்போது உனக்கே தெரியும். மெயிலில் எழுதியிருக்கலாமே என்பாய். அப்பா ஆபீஸில் உட்கார்ந்து அடித்தால் பக்கத்து நாற்காலிக்காரர் படிப்பார், தெருமுனை பிரௌசிங் சென்டரில் அடித்தால் கடைக்காரர் படிப்பார், அங்கே வந்து சேர்ந்த பிறகு உன் ஆபீஸில் யார் யார் திறந்து பார்ப்பார்களோ. ஒட்டிய கவரைப் பிரித்தால் பிரித்தது தெரியும்.

பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் அந்த அமைப்புக்கு ஏப்ரல் இரண்டாம் தேதியிலிருந்து நீதான் தலைமை என்று எழுதியிருந்தாய். வேறு வீடாக இருந்தால் அம்மாக்காரி தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்திருப்பாள். நான் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இருபத்து நான்கு வயதுப் பெண்ணிடம் ஆறு ஊர் மையங்களை ஏன் கொடுக்கிறார்கள்? உனக்கு முன்னால் இருந்தவர் சொந்தக் காரணத்தால் விலகினார் என்கிறாய், அவருக்கு முன்னால் இருந்தவரும் சொந்தக் காரணத்தால்தான் விலகினார் என்று போன தீபாவளிக்கு நீயேதான் சொன்னாய். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சொந்தக் காரணம் எப்படி வரும்? பெண்களுக்கான அமைப்பு, முகப்பில் ஒரு பெண் நிற்கட்டும் என்று உன்னை நிறுத்துகிறார்களோ என்று எனக்குத் தோன்றியது. அப்பாவிடம் சொன்னேன். "பால்காரன் ஊத்துற தண்ணியில பால் கலந்துட்டானோன்னு பாக்குறவதான நீ" என்று சிரித்துவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டார். சிரிக்கட்டும். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், உன்னை மடியில் போட்டுக்கொண்டுதான் பி.எஸ்ஸி. கடைசி வருஷக் கணக்கைப் போட்டேன், ஒரு விடை சரியாக வந்தாலும் எப்படி வந்தது என்று பார்க்காமல் விட்டதில்லை.

அந்தக் கடிதத்தில்தான் நம் ஊரில் உங்கள் ஆட்கள் மீனவர் குப்பத்தில் தொடங்கிய மையத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வா என்று எழுதியிருந்தாய். நீ பொறுப்பேற்றவுடன் வருஷ அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும், அங்கே இருபத்து நான்கு பெண்கள் படிக்கிறார்கள் என்று அதில் இருக்கிறது, பார்த்துச் சொல் என்றாய். யாரிடமும் சொல்லாமல் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு ஸ்கூட்டியில் போனேன். கோவிலுக்குப் பின்னால் ஊர்ப் பஞ்சாயத்தாரின் கட்டடம், அதில் ஒரு அறை, ஐந்து கம்ப்யூட்டர். ஐந்திலும் பையன்கள். கார் ரேஸ் ஓட்டிக்கொண்டு ஒருவன் மேல் ஒருவன் ஏறிக்கொண்டு கத்துகிறார்கள். பெண் என்று அங்கே இருந்தது சொல்லிக்கொடுக்கிற அன்புசெல்வி ஒருத்திதான், இருபது வயது இருக்கும். பெண்கள் எங்கே என்றேன். "வந்தாங்கம்மா, பூட்டாங்க" என்றாள். நாலு மணிக்குத் திறக்கிற மையத்தில் நாலரைக்குள் வந்துவிட்டுப் போய்விட்டார்களா என்றதற்கு ரெஜிஸ்டரை என் முன்னால் தள்ளினாள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே மாலை நான்கு முதல் ஆறு வரை என்று அச்சடித்திருக்கிறது, கீழே இருபத்து நான்கு கையெழுத்து, ஒரு நாள் விடாமல். மாசி மகத்தன்றும் இருபத்து நான்கு. சாமியெல்லாம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருகிற நாளில், மொத்தக் குப்பமும் கரையில் நிற்கிற நாளில், எந்தப் பெண் சாயந்திரம் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்? நீயே சொல்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன், மறுபடியும் பையன்கள்தான். இந்தத் தடவை மையத்தின் பொறுப்பாளர் ஆனந்தராஜ் இருந்தார். என்னைப் பார்த்ததும், "பூர்ணிமா மேடம் சாயல் அப்படியே இருக்குதே, அம்மாங்களா" என்று எழுந்து நின்று, நான் கேட்காமலே கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் நேரான பதில் இல்லை, கலர் மட்டும் ஐஸ் போட்டு வந்தது. அவ்வளவுதான், எனக்கு முடிவாகிவிட்டது. எல்லாம் பொய்க் கையெழுத்து, இந்தப் பொய்யின் கீழே என் பெண் தன் பெயரைப் போடப்போகிறாள், நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் மூத்தவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டு இவளைக் காட்டுவார்கள் என்று. உன்னிடம் சொன்னால், ஆனந்தராஜ் நல்லவரும்மா என்று நீ சமாதானம் சொல்வாய் என்று நினைத்தேன். அதனால் பன்னிரண்டாம் தேதி காலையில் பெரிய மார்க்கெட் பக்கம் போய், நம் வீட்டு நம்பர் தெரியக் கூடாது என்று எஸ்.டி.டி. பூத்தில் இருந்து, மையத்துப் போர்டில் எழுதியிருந்த உங்கள் டில்லி நம்பருக்குப் பேசினேன். இங்கே பெண்கள் யாரும் வருவதில்லை, வருகைப் பதிவு பொய் என்று இங்கிலீஷில் சொன்னேன். பெயர் கேட்டார்கள், பொதுஜனம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆமாம் பூர்ணி, போன வாரம் நீ போனில் யாரோ ஒரு பெண்மணி என்று சொல்லி வருத்தப்பட்டாயே, அது நான்தான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஆதிலட்சுமி வந்தாள், உனக்கு வஞ்சிர மீன் தலை எடுத்து வைப்பாளே, அவள்தான். அவள் அந்தக் குப்பம் என்பது தெரியும், அவள் பெண் அஞ்சலாட்சி அங்கே படிக்கிறாள் என்பது தெரியாது. கூடையை இறக்கியவள் மூடியிருந்த துணியை எடுக்கவில்லை. "ஏம்மா, எத்தினி வருசமா ஒன் ஊட்டு வாசல்ல கூடைய எறக்குறேன், ஒரு நாளாவது பழசு குடுத்திருக்கனா" என்றாள். இல்லையே என்றேன். "அப்பறம் எங்க பொண்ணுங்க மேல ஒனக்கு இன்னா கோவம்? ஸ்கூட்டியில லாஸ்பேட்டைலேர்ந்து ஒரு அம்மா ரெண்டு வாட்டி வந்து நோட்ட பொரட்டுச்சாம், மூணாம் நாளு டில்லிக்கு போன் போவுதாம், நாளைக்கு சாயங்காலம் அன்புசெல்வி சாவிய குடுத்துடணுமாம்" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். பொய்தான். அவள் நம்பவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. நாலு மணிக்குப் பெண்கள் வருவதில்லையே, நானே பார்த்தேனே என்றேன். "நாலு மணிக்கு கொழாயில தண்ணி வுடுறான், கொடம் யாரு புடிப்பா, ஒன் ஊட்டுக்காரரா" என்றாள். பிறகுதான் மெதுவாகச் சொன்னாள். முதல் மாதம் தண்ணீர் பிடித்துவிட்டுப் பெண்கள் ஓடி ஓடி வந்திருக்கிறார்கள். பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து மவுஸைப் பிடுங்கியிருக்கிறார்கள், ஒருத்தியின் அண்ணன் அவள் மெயிலைத் திறந்து படித்துவிட்டு வீட்டில் அடித்திருக்கிறான். பஞ்சாயத்தார் இடம் கொடுத்ததே பையன்களும் வரலாம் என்ற பேச்சில், அதனால் அவர்களை வெளியே அனுப்ப முடியாது. அம்மாக்கள்தான் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் படகு கடலில் இருக்கும், ஆண்கள் அதில் இருப்பார்கள், பையன்கள் தூங்குவார்கள், அம்மாக்கள் எல்லாம் மீன் ஏலத்துக்குப் போவார்கள். போகிற வழியில் மகளை அங்கே விட்டுவிட்டுப் போவது, அன்புசெல்வி உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஆறரை வரை சொல்லிக்கொடுப்பது. மாசி மகத்தன்றும் அப்படித்தான், சாமி வருமுன் பாடம் முடிந்துவிட்டது. ஆனந்தராஜுக்குத் தெரியுமா என்றேன். "அவரு சம்சாரமே ஏலத்துக்குத்தான வருது" என்றாள். அப்படியானால் ஊருக்கே தெரிந்திருக்குமே என்றேன். "அப்பனுங்களுக்கும் தெரியும்மா, பஞ்சாயத்துக்கும் தெரியும். தெரியாத மாறி இருப்பாங்க. விடிகாலைன்னு நோட்டுல எழுதுனா டில்லிக்காரங்க அச்சடிச்சு பேப்பருல போடுவாங்க, அப்பறம் அப்பனுங்க தெரிஞ்ச மாறி நடந்துக்கணும், தடுக்கணும் இல்ல" என்றாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து பாத்துட்டு அப்பறம் பேசு" என்று போய்விட்டாள்.

அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். இதுவும் ஒரு நாடகமாக இருக்கலாம், எனக்காக ஒரு நாள் பெண்களைக் கூட்டி உட்கார வைக்கலாம் என்றுதான் புதன்கிழமை விடியற்காலை போனேன். வாசலில் ஒரு செருப்பு இல்லை. பார்த்தாயா என்று நினைத்துக்கொண்டே கதவைத் தட்டினேன். அன்புசெல்வி திறந்தாள், செருப்பெல்லாம் உள்ளே சுவர் ஓரமாக அடுக்கியிருந்தது, வெளியே இருந்தால் போகிறவர்கள் எண்ணுவார்கள் என்று. ஒரு கம்ப்யூட்டருக்கு நாலைந்து பேர் வீதம், பத்து நிமிஷத்துக்கு ஒருத்தி எழுந்து அடுத்தவளுக்கு இடம் விடுகிறாள், யாரும் சொல்லாமல். ஒரு நாளைக்குக் கூட்டி உட்காரவைத்த பெண்களுக்கு அந்தப் பழக்கம் வராது பூர்ணி. அஞ்சலாட்சி மின்துறைக்கு ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள், குழாய்க்குப் போகிற வழியில் தெருவிளக்கு நான்கு மாதமாக எரியவில்லை என்று. கடைசியில் தன் பெயர், அப்பா பெயர், வீட்டு நம்பர் எல்லாம் அடித்தாள். பெயர் போட்டால் பின்னால் ஏதாவது தொந்தரவு வராதா என்று கேட்டேன். "பேரு போடலன்னா யாரு குடுத்ததுன்னு தூக்கி கெடாசிடுவாங்கம்மா" என்றாள், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். நான் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன். என் பெயரில்லாத போனை யாரும் தூக்கிப் போடவில்லையே.

அன்று சாயந்திரம் சாவி அன்புசெல்வியிடமிருந்து ஆனந்தராஜிடம் கைமாறிவிட்டது. விசாரணை முடியும்வரை மாலை நான்கு முதல் ஆறு வரை மட்டும் திறக்கலாம், அதுவும் ஆனந்தராஜ் நேரில் இருந்து, என்று உங்கள் உத்தரவு. எட்டு நாளாகப் பெண்கள் ஒருத்தியும் போகவில்லை, கார் ரேஸ் நடக்கிறது. ஆதிலட்சுமி நம் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டில் கூடையை இறக்குகிறாள். ஏப்ரல் பதினைந்தாம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, நாற்பத்தைந்து நாளும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், விடியற்காலையில் எந்தப் பெண்ணும் வாசல் தாண்ட முடியாது. இவர்களுக்குப் பாடம் முடிந்து சர்டிபிகேட் வாங்க இன்னும் பத்து வகுப்பு பாக்கி என்றாள் அன்புசெல்வி. நீ பொறுப்பேற்கிற நாளுக்கும் தடைக்காலத்துக்கும் நடுவில் பதின்மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் சாவி அவள் கைக்குத் திரும்பவில்லை என்றால் இந்த இருபத்து நான்கு பேரும் மறுபடி வரமாட்டார்கள், ஜூனில் இரண்டு பேருக்குக் கல்யாணம் வேறு பேசியிருக்கிறதாம்.

தப்பு என்னுடையது, ஆனால் என் சந்தேகம் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆனந்தராஜை நான் தப்பாக நினைத்தேன், உண்மையைச் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம், அவர் சொல்லவில்லை. (கலர் வாங்கிக்கொடுத்தது மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.) இப்போது எனக்கு உன் டில்லி மேலிடத்து ஆட்களைத்தான் சந்தேகம். பெயர் சொல்லாத ஒரு பெண்பிள்ளை காலையில் போன் செய்கிறாள், இங்கிலீஷில் பேசுகிறாள், சாயந்திரத்துக்குள் உத்தரவு வருகிறது. இருபத்து நான்கு பெண்கள் ஆறு மாதம் போட்ட கையெழுத்தை விட என் ஒரு நிமிஷ இங்கிலீஷ் அவர்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது. அன்புசெல்வியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் நாளைக்கு உன்னைப் பற்றி ஒரு போன் வந்தால் உன்னைக் கேட்பார்களா? உனக்கு முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் அந்தச் சொந்தக் காரணம் என்ன என்று அவர்களிடமே போன் செய்து கேள். வெட்கப்படாதே. தலைமை என்று நாற்காலி கொடுத்தார்களே, ஒரு சாவியை ஒரு பெண்ணிடம் திருப்பிக் கொடுக்க உனக்கு அதிகாரம் இருக்கிறதா, அல்லது அதற்கும் மூன்று பேர் கையெழுத்து வேண்டுமா, அதை முதலில் தெரிந்துகொள். அந்த ரெஜிஸ்டரில் மேலே அச்சடித்திருக்கிற நேரத்தை எடுத்துவிடு. அவள் என்ன கற்றாள் என்று கேள், எப்போது கற்றாள் என்பது உங்களுக்கு எதற்கு? நம்பிக்கை இல்லை என்றால் ஒரு பெண்ணை அனுப்பி ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்துச் சோதிக்கட்டும். அந்த வேளையைப் பற்றி மட்டும் எந்தக் காகிதத்திலும் எழுதாதே, இந்தக் கடிதத்தையும் படித்ததும் கிழித்துவிடு.

இன்று காலை உன் ஆபீஸுக்குத் தனியாக ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி போனில் புகார் சொன்னது நான், சரியாக விசாரிக்காமல் சொன்னேன், இருபத்து நான்கு பேரும் படிப்பதை என் கண்ணால் பார்த்தேன், வருகைப் பதிவு உண்மை என்று எழுதி, முழுப் பெயரும் விலாசமும் போட்டு, புதிதாக வரும் தலைவியின் தாய் என்பதையும் எழுதியிருக்கிறேன். நேரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இதனால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, சொந்தத் தாயே இப்படிச் செய்தாளா என்று அவர்கள் உன்னை வேறு மாதிரி பார்க்கலாம். அப்பா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அனுப்பு" என்று மட்டும் சொல்லி அவரே தபாலாபீஸுக்கு எடுத்துப் போனார்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்குச் சுக்கு போட்டுக் குடி. எந்தக் காகிதத்தையும் கடைசி பக்கம்வரை படிக்காமல் கையெழுத்துப் போடாதே. எல்லா நலமும் உன்னைச் சேரட்டும், நீ தலைநிமிர்ந்து நடக்க வேண்டும், அதற்கு என்னால் இடைஞ்சல் வரக் கூடாது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இரண்டாம் தேதி நீ பொறுப்பேற்கும்போது அந்தப் பதிவுத் தபால் உன் மேஜையில் இருக்கும், அதை வீட்டுக் கடிதம் மாதிரி பையில் போட்டுக்கொள்ளாதே. எல்லார் முன்னாலும் பிரித்துப் படி, தப்பாகப் புகார் செய்த ஒரு பெண்ணுக்கு என்ன பதில் எழுத வேண்டுமோ அதை எழுதி, நகலை அன்புசெல்விக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஹ. நிர்மலாதேவி