மாத்திரை மீந்ததற்காக என் மகனுக்கு மருந்து மறுக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்:
வெர்னா கிளைபர்,
ஓய்வுபெற்ற நான்காம் வகுப்பு ஆசிரியை,
கெட்டில் ஃபோர்டு, ஒஹாயோ.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாநில மருத்துவ வாரியம்,
கொலம்பஸ்.

பொருள்: கவனக்குறைபாட்டு மருந்துக்கான கட்டாயச் சிறுநீர்ப் பரிசோதனையின் செலவை நோயாளியின் மீது சுமத்துவதும், அதன் விளைவாக என் மகனின் மருந்து நிறுத்தப்பட்டதும் – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

1. என் மகன் டெரெக்கின் ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். அவனே எழுதியிருக்க வேண்டும். அவனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு உண்டு; மருந்து இல்லாத நாளில் மூன்றாவது வரியிலேயே எழுந்து போய்விடுவான். இப்போது மருந்து இல்லை.

2. அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். கவனம் சிதறினால் அவன் உயிரோ, லிஃப்டில் ஏறுபவர் உயிரோ போகும். மருந்தின் துணையால்தான் அந்த வேலையைப் பிழையின்றிச் செய்துவந்தான்.

3. எங்கள் ஊர் மருத்துவமனை நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தப்படி, ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் முன்பு சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. திடீரென அழைத்தாலும் மறுநாளுக்குள் மாத்திரைப் புட்டியோடு போய்ச் சோதனைக்கு நிற்க வேண்டும். வேறு போதைப்பொருள் உடலில் இருக்கக் கூடாது. இந்த மருந்து இருந்தாக வேண்டும். இல்லையென்றால், இதைப் போதைக்காக வாங்குவோரிடம் விற்றுவிட்டதாகக் கொள்வார்கள். கண்காணிப்பை நான் குறை சொல்லவில்லை. தேர்வு நேரத்தில் மேசைகளுக்கிடையே நானும் நடந்தவள்தான். ஆனால் அப்படி நடந்ததற்கு எந்தப் பிள்ளையிடமும் கூலி கேட்டதில்லை.

4. மருத்துவமனையிலேயே சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடுகிறது. பிறகு அதே சிறுநீரை வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். இது கட்டாயம் என்கிறது மருத்துவமனை. தேவையற்றது என்கிறது காப்பீட்டு நிறுவனம். இருவரும் கைகழுவியபின் முந்நூற்று எண்பத்தாறு டாலர் பில் டெரெக்கின் பெயருக்கு வருகிறது. முதல் பில்லைப் பார்த்து அவன் சிரித்தான். "எனக்கு மணிக்கு இருபத்தெட்டு டாலர்தான்மா. என் மூத்திரம் என்னைவிட நல்ல வேலையில இருக்கு" என்றான். அடுத்தடுத்த பில்களுக்கு அவன் சிரிக்கவில்லை.

5. எனவே மருந்தை நீட்டிக்கப் பார்த்தான். மாத்திரை தீர்வது தள்ளிப்போனால் பரிசோதனையும் தள்ளிப்போகும் அல்லவா? நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வியாழன் முதல் ஞாயிறு வரை வேலை இல்லை. அந்த நாட்களில் மாத்திரை எடுக்கவில்லை. என் வீட்டில் வான்கோழியை அடுப்பிலேயே மறந்து கருகவிட்டான், எல்லோரும் சிரித்தோம். திங்கள் காலை, அன்றைய மாத்திரையை எடுப்பதற்குள் அழைப்பு வந்தது. ஒப்பந்தப்படி அவகாசம் இருந்தும், மறைக்க ஒன்றுமில்லை என்று நேரே போய்விட்டான்.

6. சிறுநீரில் மருந்து இல்லை. புட்டியில் மாத்திரைகள் கணக்குக்கு மேல் இருந்தன. நான்காம் வகுப்புக் கணக்குதான் இது: விற்றவனிடம் மாத்திரை குறையுமே தவிர கூடாது. இதை வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் நான் விளக்கினேன். "கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்புங்க டீச்சர். நான் உங்க கிளாஸ்ல படிச்சவதான், கணக்கு எனக்கும் புரியுது. ஆனா ரூல்ஸ் போட்டது நான் இல்லையே" என்றாள். அவள்மீது எனக்குப் புகார் இல்லை.

7. இலவச மதிய உணவில் பாதியை இரவுக்கென்று பையில் எடுத்துவைத்த ஒரு சிறுமி என் வகுப்பில் இருந்தாள். அவளுக்குப் பசியில்லை என்று சொல்லி உணவை நிறுத்த நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஆனால் டெரெக்குக்கு நடந்தது அதுதான்.

8. "மருந்தை முறையாக உட்கொள்ளவில்லை, விற்பனை ஐயம்" என்ற குறிப்போடு அவனை விலக்கிவிட்டார்கள். அக்குறிப்பைப் பார்த்து வேறு இரண்டு மருத்துவமனைகளும் கதவைச் சாத்தின. மருந்தின்றி லிஃப்ட் குழிக்குள் இறங்குவது தவறென்று அவனே மேலாளரிடம் போய்ச் சொன்னான். இப்போது கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். பிப்ரவரி முடிவதற்குள் மருந்து கிடைக்காவிட்டால் பழைய வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

9. ஆகவே அக்குறிப்பை நீக்கவும், பிப்ரவரிக்குள் அவனுக்கு மருந்து கிடைக்கவும், கட்டாயமாக்குபவரே பரிசோதனைச் செலவை ஏற்கவும் ஆணையிடுமாறு தங்களை வேண்டுகிறேன்.

10. அந்தத் திங்கட்கிழமைச் சோதனைக்கான பில்லும் நேற்று வந்து சேர்ந்தது. உடலில் ஒன்றுமில்லை என்று கண்டறிந்ததற்கும் அதே கட்டணம்தான். இன்றும் அவன் உடலில் அம்மருந்து இல்லை. அதை நிரூபிக்க மீண்டும் அழைத்தாலும் அவன் வருவான். யார் பணம் கட்டுவது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
வெர்னா கிளைபர்
(ஒப்பம்)

இடம்: கெட்டில் ஃபோர்டு
நாள்: 16 ஜனவரி 2024